நாய்க்கு விசா வேண்டாம்... கப்பல் டிக்கெட் வேணும்! - சென்னை டு லண்டன் ‘செல்ல’ப் பயணத்தின் கதை

“லண்டன் ஆஃபர் கன்ஃபர்ம் ஆயிடுச்சுடி. ஆனா, முறுக்கை என்ன பண்றது?”

போனை எடுத்ததும் என் தோழி கேட்ட கேள்வி இது. வேலை கிடைத்த சந்தோஷம் பாதி, அழுகை பாதியாக இருந்தது குரல். முறுக்கு, லாக்டௌன் நேரத்தில் வேளச்சேரி தெரு ஒன்றில் அவளுக்குக் கிடைத்த நாட்டு நாய்க்குட்டி. வால் எந்நேரமும் சுருண்டே இருக்கும் என்பதால் அந்தப் பெயர். இப்போது 17 கிலோ. அவள் குளிக்கப் போனால்கூட பாத்ரூம் வாசலில் காவல் இருக்கும் ஜீவன்.

“ஃபிளைட்ல கூட்டிட்டுப் போயிட வேண்டியதுதானே, இதுல என்ன இருக்கு?” என்று ஈஸியாகச் சொல்லிவிட்டேன். அடுத்த சில மாதங்களில்தான் தெரிந்தது, இதில் என்னென்ன இருக்கிறது என்று. கடைசியில் முறுக்கு லண்டனுக்குள் நுழைந்தது விமானத்தில் அல்ல, கப்பலில்!

வேலைக்காகவும் படிப்புக்காகவும் பிரிட்டன் போகும் நம் ஊர்க்காரர்கள் பலர் இன்று இதே வழியைத்தான் தேடுகிறார்கள். நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் ஏன் இப்படிக் கடலைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது?

விமானத்தில் போனால் ‘சரக்கு’!

பிரிட்டனின் விதி இதுதான். விமானத்தில் வரும் நாயும் பூனையும் பயணியின் மடியிலோ, பயணியின் லக்கேஜாகவோ வரக் கூடாது. அனுமதிக்கப்பட்ட வழித்தடங்களில் கார்கோவாக, அதாவது சரக்காகத்தான் வர வேண்டும். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள் போன்ற உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கார்கோ என்றதும் ஏஜென்ட், கூண்டு, சுங்கம் என எல்லாம் சேர்ந்து பில் லட்சங்களில் போய் நிற்கும்.

ஆனால் பாரிஸுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ போகும் சில விமானங்களில் நாயைப் பயணியோடு அனுமதிக்கிறார்கள். சின்ன நாய், பூனை என்றால் கூடையோடு சேர்த்து சுமார் 8 கிலோ வரை கேபினிலேயே வரலாம். பெரிய நாய் என்றால் விமானத்தின் கீழ்ப்பகுதியில், வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட இடத்தில் வரும். அங்கே இறங்கி, தரைவழியாகத் துறைமுகம் சென்று, கப்பலில் ஏறினால் பிரிட்டன். கப்பலில் வரும் செல்லப்பிராணி சரக்கு இல்லை, உங்களோடு வரும் சக பயணி.

இதில் ஒரு வேடிக்கை. முறுக்குக்கு விசா தேவையில்லை. ஆனால் என் தோழிக்கு? கையில் பிரிட்டன் விசா இருந்தாலும், ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தைவிட்டு வெளியே கால் வைக்க இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். “நாய்க்கு எல்லாம் ரெடி, எனக்குத்தான் விசா வரலை” என்று ஒருநாள் புலம்பினாள் பாருங்கள்!

ஆறு வாரமா, நாலு மாசமா?

அவளுக்கு வேலையில் சேர இருந்த அவகாசம் ஆறு வாரம். முறுக்குக்குத் தேவைப்பட்டது நான்கு மாதம்.

வெறிநோய் விஷயத்தில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் நாடுகளைத் தரம் பிரித்து வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத நாடு, இந்தியா. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வரும் நாய், பூனைகளுக்கு வரிசை இதுதான்: முதலில் மைக்ரோசிப், பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் அந்த ரத்தத்தைச் சோதித்து, நோய் எதிர்ப்பு அளவு மில்லி லிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்கிறது என்று சான்று வர வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

“அவனுக்குத்தான் வருஷா வருஷம் ஊசி போட்டுருக்கேனே!” என்றாள் தோழி. போட்டிருந்தாள், அட்டையும் இருந்தது. ஆனால் அந்த ஊசிகள் எல்லாம் மைக்ரோசிப் பொருத்துவதற்கு முன்பு போட்டவை. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்று நிரூபிக்க சிப் எண் வேண்டும் அல்லவா? எனவே சிப்புக்கு முந்தைய ஊசி கணக்கிலேயே வராது. மறுபடி முதலிலிருந்து.

அவள் முன்னால் இருந்த வழிகள் இரண்டு. வேலையைத் தள்ளிப்போடக் கேட்கலாம், அல்லது முறுக்கை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய், நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்து அழைத்துப் போகலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதைத்தான் நம்மில் பலர் எடுக்கிறோம்: ‘நல்ல குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்படும்’ என்று இன்ஸ்டாவில் ஒரு ஸ்டோரி. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நான்கு மாதம் நாயைப் பார்த்துக்கொள்ள வீடும், திரும்பி வர விமான டிக்கெட்டுக்குக் காசும் எல்லோருக்கும் இருப்பதில்லை. ஆனால், ஆஃபர் லெட்டர் வந்த பிறகு சிப் பற்றித் தெரிந்துகொள்வதும், இப்போதே தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல. ஒரு சின்ன ஊசி அளவு வேலை அது.

கடலுக்கு ஏன் இவ்வளவு பயம்?

பிரிட்டன் ஒரு தீவு. அங்கே நிலத்தில் வாழும் விலங்குகளில் உள்ளூரிலேயே பரவிய வெறிநோய், 1922-க்குப் பிறகு இல்லை. அந்த நிலையைக் காப்பாற்ற அவர்கள் கையில் எடுத்த ஆயுதம், தனிமைப்படுத்தல். வெளிநாட்டிலிருந்து வரும் எந்த நாயும் பூனையும் ஆறு மாதம் கூண்டில் இருந்தாக வேண்டும். பல பத்தாண்டுகள் இதுதான் சட்டம். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில்தான், சிப், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை இருந்தால் குறிப்பிட்ட சில நாடுகளிலிருந்து கூண்டில்லாமல் வரலாம் என்ற திட்டம் தொடங்கியது. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் செல்லப்பிராணி பாஸ்போர்ட் வந்தது.

பிறகு வந்தது பிரெக்ஸிட். 2021 ஜனவரி 1 முதல், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் கொடுத்த செல்லப்பிராணி பாஸ்போர்ட் ஐரோப்பாவில் செல்லாது. ஒவ்வொரு பயணத்துக்கும், கிளம்புவதற்கு முந்தைய 10 நாள்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் புதிதாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். இதற்கு அரசு நிர்ணயித்த கட்டணம் கிடையாது. நூறு பவுண்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். லண்டனில் இருந்து பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் உள்ள சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாயோடு போக நினைக்கும் ஈழத்தமிழ்க் குடும்பத்துக்கும் இதே செலவுதான். யூரோஸ்டார் ரயிலில் உதவி நாய்களைத் தவிர வேறு செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை என்பதால், கப்பலோ, காரோடு கடலடிச் சுரங்கத்தில் போகும் ரயிலோதான் வழி.

2025 மே 19 அன்று லண்டனில் நடந்த பிரிட்டன் - ஐரோப்பிய ஒன்றிய உச்சி மாநாட்டில், செல்லப்பிராணி பாஸ்போர்ட்டை மறுபடி கொண்டுவருவதாக அறிவித்தார்கள். மீன்பிடி உரிமையும் பாதுகாப்பு ஒப்பந்தமும் பேசிய மேசையில் நாய்க்குட்டியும் இடம்பிடித்தது! ஆனால் அறிவிப்பு வேறு, நடைமுறை வேறு. அன்றைக்கே எந்த விதியும் மாறிவிடவில்லை.

அதே ஆண்டு ஜூன் 4 முதல் இன்னொரு விநோதம். ஸ்காட்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்குக் கப்பலில் போவது, ஒரே நாட்டுக்குள் போகும் பயணம்தான். ஆனாலும் நாய்க்குத் தனிப் பயண ஆவணம் வேண்டும். இலவசம், ஆயுள் முழுக்கச் செல்லும், தடுப்பூசி நிபந்தனையும் இல்லை, சிப் இருந்தால் போதும். ஆனாலும் அங்கே பலருக்குக் கோபம், “சொந்த நாட்டுக்குள்ள போக என் நாய்க்கு எதுக்கு பேப்பர்?” என்று. எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை மனிதர்களுக்கு முன்பே நாய்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

கப்பலுக்குள் என்ன நடக்கும்?

டோவர் - கலே இடையே கப்பல் பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம். இங்கே காலங்காலமாக உள்ள வழக்கம், நாயைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு மேலே போவது. கப்பல் ஓடும்போது கார்கள் நிற்கும் தளத்துக்குப் பயணிகள் இறங்க முடியாது. மேலே நீங்கள் காபி குடிப்பீர்கள், கீழே அது தனியாக, எஞ்சின் சத்தத்துக்கு நடுவே. உடல் முழுக்க வியர்த்து சூட்டைத் தணித்துக்கொள்ள நாயால் முடியாது, மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ளும். பக் மாதிரி தட்டை மூக்கு நாய்களுக்கு அதுவும் கஷ்டம். கப்பலில் ஏறும் முன் வெயிலில் வரிசையில் நிற்கும் நேரம் இன்னும் ஆபத்து. நிறுத்திய காரில் ஏறும் சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது.

இப்போது சில நிறுவனங்கள் செல்லப்பிராணிகளோடு உட்காரத் தனி லவுஞ்ச், நாயோடு தங்கும் கேபின் என்று கொண்டுவந்துள்ளன. ஆனால் அவை குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கின்றன, சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கார் இல்லாமல் நடந்து ஏறும் பயணியை நாயோடு அனுமதிக்காத வழித்தடங்களும் உண்டு. நம் ஊரிலிருந்து போகிறவர்களிடம் அங்கே ஏது கார்? அதனால்தான் செல்லப்பிராணிகளை ஏற்றும் டாக்ஸி வைத்துப் போகிறார்கள், அல்லது நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்திலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச்சுக்குப் போகும் கப்பலைத் தேடுகிறார்கள்.

தோழி போனது அந்த இரவுக் கப்பலில்தான். செல்லப்பிராணி கேபின். ஏறும் முன் ஸ்கேனரை முறுக்கின் கழுத்தருகே வைத்து சிப் எண்ணைப் பார்த்து, காகிதத்தோடு ஒப்பிட்டார்களாம். “அந்த ‘பீப்’ சத்தம் வர்ற வரைக்கும் எனக்கு மூச்சே வரலடி” என்றாள். எண் பொருந்தவில்லை என்றால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். எப்படியோ அக்கரை சேர்ந்து மாட்டினால், தனிமைப்படுத்தல் அல்லது திருப்பி அனுப்புதல், செலவு நம்முடையது.

முறுக்கு என்ன செய்தது? நாய்களுக்கென ஒதுக்கிய தளத்துக்குக் கூட்டிப்போனால், காற்றைப் பார்த்து மிரண்டு திரும்பி வந்துவிட்டதாம். ஏறக்குறைய ஏழு மணி நேரம் அடக்கிக்கொண்டே இருந்து, ஹார்விச்சில் இறங்கியதும் முதல் புல்தரையில் இரண்டு நிமிடம் நின்றது!

போகிறவர்கள் கவனத்துக்கு...

* நாய்களுக்கு நாடாப்புழு மருந்து முக்கியம். பிரிட்டனுக்குள் நுழைவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து 120 மணி நேரத்துக்குள், மருத்துவர் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். சென்னையில் மருந்து கொடுத்துவிட்டு, ‘வழியில பாரிஸையும் ஒரு வாரம் சுத்திப் பார்ப்போம்’ என்றால் கணக்கு தப்பிவிடும். பூனைகளுக்கு இது தேவையில்லை.

* தூங்கட்டும் என்று மயக்க மருந்து கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம், சுவாசம், உடல் சூடு எல்லாம் தடுமாறும். வாந்தி பிரச்னை இருந்தால், அதற்கென உள்ள மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

* கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். சில மணி நேரம் முன்பு கொஞ்சமாக. தண்ணீர் மட்டும் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

* கூடையையும் கூண்டையும் பயணத்தன்று முதன்முதலில் காட்டாதீர்கள். சில வாரங்கள் முன்பே வீட்டில் திறந்து வையுங்கள். உள்ளே உங்கள் பழைய டி-ஷர்ட் ஒன்று இருக்கட்டும். பூனையின் கூடையைக் கப்பல் தளத்தில் திறக்கவே கூடாது.

* ஐரோப்பாவுக்குள் நுழையும் நாய் உங்கள் பயணத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள்களுக்குள் பயணித்தால்தான் ‘சொந்தச் செல்லப்பிராணி’. அதைத் தாண்டினால் வணிக இறக்குமதி விதிகள் வந்துவிடும். திருட்டுத்தனமாக நாய்க்குட்டி கடத்தி விற்பவர்களைத் தடுக்க இப்படிக் கெடுபிடி.

முறுக்கும் அதன் தெருவும்

இவ்வளவையும் எழுதும்போது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முறுக்கை நான்கு மாதம் காக்க வைத்தது லண்டன் அதிகாரி மட்டுமல்ல, நம் தெருவும்தான். உலகில் வெறிநோயால் நிகழும் மரணங்களில் 36 சதவிகிதம் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2030-க்குள் நாய்களால் பரவும் வெறிநோய் மரணங்களை ஒழிப்போம் என்று நம் அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் டெல்லி தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றச் சொன்ன உச்ச நீதிமன்றம், சில நாள்களிலேயே அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை மட்டும் விதிவிலக்கு என்றது. நாடே ‘நாய்ப் பிரியர்கள் Vs எதிர்ப்பாளர்கள்’ என்று சண்டை போட்டது. அந்தச் சத்தத்தில் தடுப்பூசி பற்றிய பேச்சுதான் குறைவாகக் கேட்டது.

பிரிட்டன் வெறிநோயை ஒழித்தது கடல் இருந்ததால் மட்டுமல்ல, விடாப்பிடியான விதிகளாலும். நம் நாடு தீவு இல்லை, ஆனால் நம்மிடம் ஊசி இருக்கிறது. போதுமான நாய்களுக்கு, ஆண்டுதோறும், கணக்கு வைத்துப் போட வேண்டும். அதைச் செய்தால் முதலில் பிழைப்பது, தெருவில் விளையாடும் குழந்தைகள். முறுக்கு போன்றவர்களின் காத்திருப்பு குறைவதெல்லாம் கூடுதல் போனஸ்.

போன வாரம் தோழி வீடியோ கால் செய்தாள. பின்னணியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஹீட்டர் பக்கத்தில் சுருண்டு கிடந்தது முறுக்கு. “லண்டன் பிடிச்சிருக்காடா?” என்றேன். என் குரல் கேட்டதும் வால் மட்டும் ஆடியது. அது இன்னும் சுருண்டேதான் இருக்கிறது!