சேர்க்கைப் படிவத்தில் இருக்கிறது பணம்

மேற்கு சிட்னியின் நார்த்மீட்டில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கப் போனால், படிவம் சில கேள்விகளைக் கேட்கும். தாயும் தந்தையும் எதுவரை படித்தார்கள், பள்ளிக்குப் பின் பட்டம் உண்டா, இப்போது என்ன வேலை? வேலைகளை நான்கு வகையாகப் பிரித்திருப்பார்கள். 12 மாதங்களாகச் சம்பள வேலை இல்லையென்றால் ‘8’ என்று எழுத வேண்டும். பள்ளிக்கு எதற்கு நம் ஊர்க்கதை என்று தோன்றலாம்.

பள்ளிக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு அந்த ஊர்க்கதையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

ஆஸ்திரேலியப் பள்ளி நிதி பற்றி டேவிட் கோன்ஸ்கி குழு 2011இல் தந்த அறிக்கையும், அதையொட்டி வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு கணக்கை வகுத்தன. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை உண்டு. 2024இல் அது தொடக்கப் பள்ளிக்கு 13,570 டாலர், உயர்நிலைக்கு 17,053 டாலர். மிகப் பின்தங்கிய கால்பங்குக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் 15 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகள் ஒரே பள்ளியில் அதிகம் சேரச் சேர விகிதமும் ஏறும்.

கணக்கு நல்லதுதான், ஆனால் படிவம் வருமானத்தைக் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று இங்கே கிடங்கில் இரவு வேலை பார்ப்பவரின் வீடு, அந்தப் பட்டத்தாலேயே கொஞ்சம் வசதியான வீடாகத் தெரியும். கௌரவம் பார்த்து வேலையை ஒரு படி உயர்த்தி எழுதினால் இன்னும் மோசம். வேடிக்கை என்னவென்றால், தனியார் பள்ளிகளுக்கான மானியத்தைக் கணக்கிட 2020 முதல் பெற்றோரின் வருமான வரித் தகவலையே அரசு பயன்படுத்துகிறது.

சரி, வந்த பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று யார் முடிவு செய்வது? 1973இல் பீட்டர் கார்மெல் குழுவின் அறிக்கைக்குப் பின், நலிந்த பள்ளிகளுக்கென்று ஆஸ்திரேலியா தொடங்கிய திட்டம் பெற்றோரையும் அந்த முடிவில் சேர்க்க விரும்பியது. அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய ஏழைப் பள்ளி நிதியில், ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் பள்ளி மாவட்டம் குறைந்தது 1 சதவீதத்தைப் பெற்றோர் ஈடுபாட்டுக்கென ஒதுக்க வேண்டும். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடத்தைப் பெற்றோருக்கும், பாதி இடத்தைப் பெண்களுக்கும் தந்திருக்கிறது. சட்டத்தில் உள்ளது எல்லா ஊரிலும் நடந்துவிடுவதில்லை. ஆனாலும் நாற்காலி போட்டாயிற்று.

நியூ சவுத் வேல்ஸில் பெற்றோர் சங்கமான பி அண்ட் சி, கேன்டீனையும் சீருடைக் கடையையும் பார்த்துக்கொள்ளும், பள்ளி வளாகத்தில் சாசேஜ் சுட்டு நிதி திரட்டும். வசதியான பேட்டையில் இந்த வழியிலும் பணம் கூடுதலாகச் சேரும் என்பதால், அரசு ஒரு பக்கம் சரிசெய்த ஏற்றத்தாழ்வு இங்கே மறுபடி எட்டிப்பார்க்கிறது.

தமிழ்ப் பெற்றோருக்கு நிர்வாகம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் கணக்கு, பாடநூல், ஆண்டுவிழா எல்லாம் அவர்கள் பொறுப்புதான், மாநில மானியத்துக்கு விண்ணப்பிப்பதும் அவர்களே. அதே அப்பாவும் அம்மாவும் வார நாட்களில் அரசுப் பள்ளியின் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கான செலக்டிவ் தேர்வு டியூஷனுக்குப் போகும் அக்கறையில் ஒரு பங்குகூட பி அண்ட் சி கூட்டத்துக்கு வருவதில்லை. இரவு வேலைக்காரர்களுக்குக் கூட்ட நேரம் ஒத்துவராது என்பதும் உண்மைதான்.

2025 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸ் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, அரசுப் பள்ளிகளுக்கான மத்திய அரசின் பங்கு 2034க்குள் 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயரும். பின்தங்கிய மாணவர்களுக்கென வந்த தொகை எதற்குச் செலவானது என்பதைப் பள்ளியின் ஆண்டறிக்கை சொல்லும், அது பள்ளியின் இணையதளத்திலேயே இருக்கிறது. அடுத்த பி அண்ட் சி கூட்டத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டி முதல்வரிடம் கேள்வி கேட்க, எந்தப் பெற்றோருக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.