நலம் காப்பது யார் கடன்?

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் பெரியோர். அச்செல்வத்தைக் காப்பது யார் கடன்? அவரவர் கடனே என்பார் சிலர். அரசின் கடனே என்பார் வேறு சிலர். பட்டாசுத் தொழிலால் வாழும் நம் விருதுநகர் மாவட்டத்தில் இக்கேள்வி பட்டிமன்றத்தோடு முடிந்துவிடுவதன்று. நம் தோழியருள் பலருடைய அன்னையரும் தந்தையரும் காலையில் தூக்குவாளியுடன் ஆலைக்குச் செல்கிறார்கள். அவர்கள் மாலையில் நலமாக வீடு திரும்புவதைப் பற்றிய கேள்வி இது.

விபத்து நடந்த மறுநாள் நாளிதழில் நாம் காணும் காரணம் பெரும்பாலும் ‘உராய்வு’. அதையடுத்துப் பலரும் சொல்லும் காரணம் ‘கவனக்குறைவு’. கவனம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. பருத்தி ஆடை உடுத்துவதும், மருந்தை மெல்லக் கையாளுவதும் தொழிலாளியின் கையில் உள்ளவை. ஆனால் ஓர் அறையில் எத்தனை பேர் அமர்வது, எவ்வளவு மருந்து வைப்பது, எண்ணிக்கைக்குக் கூலியா நாளுக்குக் கூலியா, ஆலையை உள்குத்தகைக்கு விடுவதா என்பவற்றைத் தொழிலாளி முடிவு செய்வதில்லை. முடிவு செய்யும் உரிமை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறுப்பின் பெரும்பகுதியும் இருத்தல் வேண்டும்.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் அவர்களுள் அடங்குவர். காயமுற்றோர் பலரைச் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. தீக்காயம் ஒரு நாளில் ஆறுவதில்லை. மாதக்கணக்கில் மருத்துவம் வேண்டும். அத்தனை மாதமும் கூலி நின்றுபோகும். எவ்வளவு சிக்கனமான குடும்பமும் இச்சுமையைத் தனியே தாங்க இயலாது.

பலர் கூடித் தாங்கும் வழியை நம் விருதுநகர் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தது. பெருந்தலைவர் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியால் வளர்ந்த பள்ளியாகும். நாள்தோறும் உலையிடும் முன் இல்லத்தரசியர் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அது திரட்டப்பட்டுப் பள்ளிக்குச் செல்லும். வணிகர்களோ தம் சரக்கின்மேல் ‘மகமை’ என்னும் சிறு தொகையைப் பொதுநிதிக்கு அளித்தனர். வீட்டுக்கு ஒரு பிடி, கடைக்கு மகமை என்று அவரவர் வசதிக்கு ஏற்ப அளவு அமைந்தது.

இதே நெறியில் அமைந்ததுதான் 1952-இல் தொடங்கப்பட்ட இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம். 2019 ஜூலை முதல் நூறு ரூபாய் ஊதியத்திற்குத் தொழிலாளி 75 காசும், முதலாளி 3 ரூபாய் 25 காசும் செலுத்துகின்றனர். மருத்துவச் செலவில் மாநில அரசும் ஒரு பங்கை ஏற்கிறது. வேலையில் காயமுற்றுப் படுத்திருக்கும் காலத்திற்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உள்ளது.

எனினும் பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே இந்த உரிமை! உள்குத்தகை அறையில் பெயரின்றி உழைப்பவரும், வீட்டில் அமர்ந்து காகிதக் குழாய் சுருட்டும் தாய்மாரும் என் செய்வர்? இதற்கும் அண்டை மாவட்டம் ஒரு வழி காட்டியது. பீடித் தொழிலாளருக்காக 1976-இல் நடுவண் அரசு நல வரிச் சட்டம் இயற்றியது. பீடியின்மேல் விதித்த சிறு வரியால் தொழிலாளருக்கு மருந்தகங்கள் நடந்தன. நெல்லை மாவட்டம் முக்கூடலில் மருத்துவமனையும் எழுந்தது. திண்ணையில் பீடி சுற்றிய பெண்ணும் அதனால் பயன் பெற்றாள். 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அந்த வரி நீங்கியது. ஆயினும் அது காட்டிய வழி இன்னும் நமக்குப் பயன்படும்.

பட்டாசுப் பெட்டிக்கும் அவ்வாறு ஒரு மகமை வேண்டும் என்பது நம் கருத்து. நீதிமன்றக் கட்டுப்பாடுகளால் நலிந்த தொழிலுக்கு இது மேலும் சுமையல்லவா என்று கேட்கலாம். அச்சுமை ஆலையின் மேல் மட்டும் விழ வேண்டியதில்லை. நூறு ரூபாய்க்கு வெடி வாங்குபவர் ஒரு ரூபாய் கூடக் கொடுப்பதால் குறைந்துபோக மாட்டார். நம் ஊர்ப் பேச்சில் வெடியில் இடுவதும் மருந்து, நோய்க்கு உண்பதும் மருந்து. முதல் மருந்தால் நாடெல்லாம் தீபாவளி கொண்டாடுகிறது. இரண்டாம் மருந்தின் செலவிலும் நாடு பங்கு கொள்வதே நீதி. அந்நிதி பதிவு பெறாத தொழிலாளரின் மருத்துவத்துக்கே செல்ல வேண்டும். அதை மேற்பார்வையிடும் குழுவில் ஆலைப் பெண்களும் இடம்பெற வேண்டும்.

அரசும் ஆலையும் செய்ய வேண்டியதைக் கேட்கும் நாம், நம் பங்கை மறத்தலாகாது. உழைக்கும் பெற்றோரின் பெயர் பதிவேட்டில் உண்டா, இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று இன்றே கேட்டறிவோம். எழுதப் படிக்க இயலாதவருக்குப் படிவம் நிரப்பித் தருவோம். தீக்காயம் பட்டவுடன் மையோ, மாவோ, பற்பசையோ தடவாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, தூய துணியால் மூடி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை நம் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் சொல்வோம்.

பிடியரிசி தந்த கைகள் ஒரு பள்ளியை வளர்த்தன. அவ்வழியில் வந்த நாம், உழைப்போரின் உடல்நலத்தைப் பொதுச் சொத்தாகக் கருதிக் காப்போமாக!