20 கிலோ சர்வோவும் அரைக் கிலோ சர்க்கரையும்

சொந்தக்காரப் பையன் ஒருத்தன், இன்ஜினியரிங் மூணாவது வருஷம், போன மாசம் போன் பண்ணினான். "மாமா, 20 கிலோ சர்வோ வாங்கிப் போட்டிருக்கேன். அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக்கூட தூக்க மாட்டேங்குது. 60 கிலோ சர்வோ வாங்கிடட்டுமா?"

வேணாம்டா கண்ணான்னு சொன்னேன். ஏன் வேணாம்னு போன்ல சொல்லி முடியல. அதான் இந்தப் பதிவு. ரோபோ கை செய்யற ஆசை உள்ளவங்க மட்டுமில்ல, வீட்ல பிள்ளைங்க பிராஜெக்ட்டுக்குக் காசு குடுக்கறவங்களும் படிக்கலாம்.

முதல்ல அந்த '20 கிலோ'. அது கிலோ இல்லைங்க, கிலோ-சென்டிமீட்டர். மோட்டார் அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டா 20 கிலோ. 40 செ.மீ. தள்ளினா அரைக் கிலோ. பள்ளிக்கூடத்துல திருப்பு விசைன்னு படிச்சோமே, அதேதான். அதுவும் அந்த 20, ஸ்டால் டார்க். அதாவது மோட்டார் திணறி நின்னுபோற இடம். அங்கேயே வேலை செய்யச் சொன்னா சீக்கிரம் புகைதான் வரும். பாதிக்கு மேல கேக்காம இருக்கறது நல்லது, மூணுல ஒரு பங்குன்னா நிம்மதி.

பையனோட கையை எடுத்துக்குவோம். மேல்கை 20 செ.மீ., முன்கை 20 செ.மீ., ஒவ்வொண்ணும் 100 கிராம். முழங்கையில ஒரு சர்வோ, 60 கிராம். நுனியில மணிக்கட்டு, பிடிப்பான் எல்லாம் சேர்த்து 150 கிராம். கையை நேரா நீட்டினா தோள் மோட்டாருக்கு வர்ற பாரம்: மேல்கை 1, முழங்கை சர்வோ 1.2, முன்கை 3, பிடிப்பான் 5.7. கூட்டினா 10.9 கிலோ-செ.மீ. இன்னும் சர்க்கரையை எடுக்கவே இல்ல! வெறுங்கையைத் தூக்கவே 20 கிலோ சர்வோவோட பாதி போச்சு. சர்க்கரைக்கு ஒரு 20 சேர்த்தா 30.9.

சரி, 60 கிலோ போட்டா தூக்குமே? தூக்கும்... கொஞ்ச நாளைக்கு. பெரிய சர்வோ பல 150 கிராமுக்கு மேல. முழங்கையும் திணறும், அதனால அங்கேயும் பெருசு. அதைத் தாங்கப் பெரிய பிராக்கெட். பிளாஸ்டிக் வளையுதுன்னு கனமான தகடு. எல்லா எடையும் மறுபடி தோள் தலையிலதான் வந்து உக்காரும். வட்டிக்குக் கடன் வாங்கி வட்டி கட்டற கதை. 'அதே டிசைனை இரண்டு மடங்கா பெருசாக்கினா போச்சு'ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. நீளம், அகலம், கனம் எல்லாம் இரண்டு மடங்கானா எடை எட்டு மடங்கு. அந்த எடை தொங்கற தூரமும் இரண்டு மடங்கு. ஆக கையோட சொந்த பாரமே பதினாறு மடங்கு ஆயிடும்.

தொழிற்சாலை ஆளுங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 2008-ல வந்த யூஆர்5 ரோபோ கை தூக்கறது 5 கிலோ, அதோட சொந்த எடை 18.4 கிலோ. அவங்க காசைக் கொட்டி ஹார்மோனிக் டிரைவ் கியர் எல்லாம் போட்டுச் சமாளிக்கறாங்க. நமக்கு அந்த வசதி ஏது?

என்னோட கட்சி இதுதான்: இது பவர் பிரச்சினையே இல்ல. அரைக் கிலோவை ஒரு செகண்டுல 40 செ.மீ. உயர்த்த வெறும் 2 வாட் போதும். அவ்ளோதான்! கஷ்டம் தூக்கறதுல இல்ல, கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டே நிக்கறதுல. நிக்கறதுக்கு மோட்டார் எதுக்குங்க? அதுக்கு ஒரு இரும்புக் கட்டியோ ஸ்பிரிங்கோ போதாதா?

கிணத்தடித் துலா பார்த்தவங்களுக்கு இது புதுசில்ல. மூங்கிலோட அந்தப் பக்கம் கல்லைக் கட்டிட்டா நிறைஞ்ச வாளியும் இலேசா மேல வரும். அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல எதிர் எடையா கூண்டோட எடையும், அது தாங்கற பாரத்துல ஏறக்குறைய பாதியும் வைக்கறாங்க. காலியா போனாலும் நிறைஞ்சு போனாலும் மோட்டாருக்குப் பாதி பாரம்தான்.

அப்படியே தோளுக்குப் பின்னால எடை கட்டிடலாமேன்னா, ஒரு சிக்கல். முழங்கை மடங்கினா கணக்கு மாறிடும். நீட்டின கைக்குச் சரியா இருந்த எடை, மடக்கின கைக்கு ரொம்ப அதிகமாகி மோட்டார் இப்போ எடையோட மல்லுக்கட்டும்.

அதுக்குத்தான் இணைகரம். முழங்கை மோட்டாரை அடியில, தோளுக்குப் பக்கத்துலயே வெச்சுட்டு, ஒரு தண்டு வழியா முன்கையை அசைக்கறது. பெட்டி அடுக்கற ஏபிபி ஐஆர்பி 460-ஐப் பாருங்க, அந்த அமைப்புதான். அதைப் பார்த்துச் செஞ்ச யூஆர்ம், ஈஸிபாட்ஆர்ம் எல்லாம் மேசைமேல வைக்கற சைஸ். எனக்கு இதுல பிடிச்ச விஷயம், எடை குறையறது மட்டுமில்ல. முன்கையோட பாரம் தண்டு வழியா நேரா அடி மோட்டாருக்குப் போயிடும், தோள் மோட்டாருக்கு அந்தத் திருகல் வராது. முன்கையும் பிடிப்பானும் சர்க்கரையும் முழங்கையிலேயே தொங்கற மாதிரிதான் தோளுக்குத் தெரியும்.

அதே பையன் கை, அதே சர்க்கரை: தோளுக்கு 16, முன்கை மோட்டாருக்கு 13.7. முதல்ல தோள் மட்டும் 30.9 தாங்கிட்டிருந்தது, ஞாபகம் இருக்கட்டும். இன்னொரு லாபம், ஒவ்வொரு மோட்டாரோட பாரமும் அதோட சொந்த கோணத்தை மட்டும் பொறுத்தது. அதனால தனித்தனியா எதிர் எடை வைக்கலாம், எப்படி மடக்கினாலும் சரியா இருக்கும்.

லிஃப்ட் கணக்கு மாதிரி, கை எடை முழுசும் சர்க்கரையில பாதியும் சமன் பண்ணுங்க. தோளுக்குப் பின்னால 10 செ.மீ.ல 1.1 கிலோ, முன்கையை ஓட்டற நெம்புகோலுக்குப் பின்னால 10 செ.மீ.ல 870 கிராம். இப்போ மோட்டாருக்கு மிஞ்சறது? இரண்டுக்கும் 5, 5. சர்க்கரை இருந்தா கீழ்நோக்கி 5, இல்லைன்னா மேல்நோக்கி 5. பையன் வாங்கின அதே 20 கிலோ சர்வோ, கால்வாசி பலத்துல, கால் மேல கால் போட்டுக்கிட்டுச் செய்யும். தண்டுகளோட எடை, உராய்வு, சட்டுனு திருப்பும்போது வர்ற உதறல் எல்லாத்துக்கும் இடம் விட்டாச்சு.

குறை இல்லையான்னா, இருக்கு. இரண்டு கிலோ இரும்பும் கூடவே ஆடுது, அதனால வேகமா ஆட்ட முடியாது. வேகம் வேணும்னா ஸ்பிரிங். 1932-ல கார் சஸ்பென்ஷன் செஞ்சிட்டிருந்த ஜார்ஜ் கார்வர்டைன் காப்புரிமை வாங்கின மேசை விளக்கு ஞாபகம் வருதா? எங்க விட்டாலும் அங்கேயே நிக்குமே, அதே வித்தை. ஆனா சரியான ஸ்பிரிங் தேடி அலையணும். இரும்புக் கட்டி எந்தப் பழைய இரும்புக் கடையிலயும் கிடைக்கும்.

'கியர் போட்டு டார்க்கைக் கூட்டினா ஆச்சே'ன்னு கேப்பீங்க. போடலாம், தப்பில்ல. ஆனா மலிவான கியர்ல ஆட்டம் இருக்கும். தோள்ல ஒரு டிகிரி ஆட்டம்னா 40 செ.மீ. தள்ளி நுனியில 7 மில்லிமீட்டர். சர்க்கரைப் பொட்டலத்துக்குப் பரவாயில்ல, டம்ளரைப் பிடிக்கணும்னா ஆகாது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காசு மட்டும் காரணமில்ல. பெரிய மோட்டார், கனமான கை, சமன் எதுவும் இல்லைன்னு வைங்க. கரண்ட் போச்சுன்னா அத்தனையும் தொப்புனு கீழ விழும். கீழ யாரோட விரல் இருக்கும்? வேடிக்கை பார்க்க வந்த வாண்டோட விரல்தான். சமன் பண்ணின கை விழறப்போ மிச்சமிருக்கற பாரம் கொஞ்சம்தான், சர்வோ கியர் உராய்வே பாதி பிடிச்சுடும்.

எல்லா மூட்டுலயும் ஒரு சர்வோவை மாட்டி விக்கற அலுமினிய கிட்டுங்கதான் இதுக்கெல்லாம் முதல் குற்றவாளின்னு நினைக்கறேன். படம் அழகா இருக்கு, மாட்டறது சுலபம், அட்டையில '20 கிலோ'ன்னு கொட்டை எழுத்து. பையன் மேல என்ன தப்பு?

பி.கு: சர்வோ அச்சுல நேரா கையைத் தொங்கவிடாதீங்க, எதிர்ப்பக்கம் ஒரு பேரிங் குடுங்க. சர்வோவுக்குத் தனி பவர் சப்ளை, கிரவுண்டை மட்டும் ஆர்டுயினோவோட சேருங்க. அடிப்பலகையை மேசையோட கிளாம்ப் போட்டு இறுக்குங்க, இல்லைன்னா சர்க்கரையோட ரோபோவும் குப்புற விழும் :-)