புட்டிப்பாலும் தலைவிதியும்

இரண்டு வயதுக் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் சொத்தையானால், பூச்சியென்றும் கிரகதோஷமென்றும் சொல்லி நம் மக்கள் தாயத்துக்கும் மந்திரிப்புக்கும் காசைக் கொட்டியழுகிறார்கள். பூச்சியுமில்லை, தோஷமுமில்லை. புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு உமிழ்நீர் ஊறுவது குறைகிறது. பல்லில் தங்கும் பாலின் சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அது பல்லை அரிக்கிறது. இதில் கிரகத்திற்கு என்ன வேலை?

ஒரு வயதானதும் புட்டியைக் குறைத்து, ஒன்றரை வயதுக்குள் நிறுத்திவிட வேண்டும். பாலை டம்ளரில் கொடுத்து, பல் துலக்கிப் படுக்க வையுங்கள். இரவில் கேட்டால் தண்ணீர் போதும். சில நாள் குழந்தை அழத்தான் செய்யும். அதைத் தேற்றுவது தாயின் வேலையென்று ஆண்மகன் போர்த்திக்கொண்டு தூங்குவது என்ன நியாயம்? மேடையில் பெண் விடுதலை பேசும் தோழர்கள், அந்த இரவுகளில் குழந்தையைத் தங்கள் தோளில் போட்டுக்கொள்ளட்டும். வீட்டிலில்லாத சமத்துவம் மேடையில் எதற்கு?