ஒரே ஒரு டெஸ்ட்

நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் 1909-ல் பிறந்தவர் எம்.ஜே. கோபாலன். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியது இவர் கைதான். ஆனால் இந்தியாவுக்காக ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று, அதே 1934 ஜனவரியில், கல்கத்தாவில். ஹாக்கியிலும் கெட்டிக்காரர். 1936-ல் அந்த அணியோடு பெர்லின் போயிருந்தால் ஒலிம்பிக் தங்கம்! இவரோ கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார். அங்கே ஒரு டெஸ்டில்கூட இறக்கவில்லை.

ஏமாந்த மனுஷன் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1926-27 சீசனில் தொடங்கியவர், நாற்பதைத் தாண்டியும் ஆடினாரே, எப்படி? பர்மா ஷெல் கம்பெனியில் வேலை இருந்தது. ஆட்டம் சோறு போடாத காலத்தில் ஆபீஸ்தான் ஆட்டக்காரனின் ஆயுளை நீட்டியது.

நம்ம கதை என்ன? மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் நண்பன் பந்து போட்டால் ஸ்டம்ப் பறக்கும். மூன்றாம் வருஷம் வந்ததும் கிரவுண்டுப் பக்கமே காணோம். "வீட்ல கடன் இருக்குடா, சீக்கிரம் கம்பெனியில சேரணும்" என்கிறான். எங்க வீட்டிலும் இதே பேச்சுதான், தப்பு சொல்லமாட்டேன். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகளிடம், "உங்ககிட்ட டீம் இருக்கா சார், பிராக்டிஸுக்கு ஷிப்ட் மாத்தித் தருவீங்களா?" என்று நம்ம யூனியன் கேட்கலாமே? யாரும் கேட்காவிட்டால் என் முறை வரும்போது நான் கேட்கத்தான் போகிறேன்.