ஐவிஎஃப்-க்கு லோன் எடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ் பாலிசியைப் படிங்க

"ஐவிஎஃப் பண்ணப் போறோம், பர்சனல் லோன் எடுக்கலாமா சார்?" இந்தக் கேள்வி எனக்கு எப்பவும் தனி மெசேஜ்லதான் வரும். வீட்டுக்குத் தெரியக் கூடாது, ஆபீஸ்ல தெரியக் கூடாது. அப்போ எதுவும் கேக்காம பணம் தர்றது லோன் ஆப் மட்டும்தான். என்னைப் பொறுத்தவரை, அந்த ரகசியத்துக்கு நாம கட்டற விலைதான் வட்டி.

2 லட்சம், 14 சதவீதம், 24 மாசம். இஎம்ஐ சுமார் 9,600 ரூபாய், மொத்த வட்டி 30,000-க்கு மேல. முதல் சைக்கிள் பலிக்கலைன்னா (நிறைய பேருக்குப் பலிக்கறதில்லை) அடுத்ததுக்கு இன்னொரு லோன். அந்த மாசம் மனசும் உடைஞ்சிருக்கும், ரெண்டு இஎம்ஐயும் ஓடும்.

நாமளா எடுக்கற ஹெல்த் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் இதுக்கு உதவாது. குழந்தையின்மை சிகிச்சையை விலக்கி வைக்க ஐஆர்டிஏஐ ஒரு நிலையான விதியே வச்சிருக்கு, எண் 17. ஆனா கம்பெனி எடுத்துத் தர்ற குரூப் பாலிசி வேற. சில கம்பெனிகள் குறிப்பிட்ட தொகை வரைக்கும் இதைச் சேர்த்திருக்காங்க. ஹெச்ஆர்-கிட்ட கேக்கத் தயக்கமா? பாலிசி டாக்குமெண்டை டவுன்லோட் பண்ணி 'இன்ஃபெர்டிலிட்டி'ன்னு தேடுங்க. கணவன், மனைவி ரெண்டு பேர் ஆபீஸ் பாலிசியையும் பாருங்க.

வரிச் சலுகையை நம்பாதீங்க. 80டி பிரீமியத்துக்கு, 80டிடிபி பட்டியல்ல இந்தச் சிகிச்சை கிடையாது. ஒரு நல்ல விஷயம், ஐவிஎஃப் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி இல்லைன்னு 2022-லயே தெளிவுபடுத்திட்டாங்க. பில்லுல சிகிச்சைக் கட்டணத்து மேல போட்டிருந்தா கேளுங்க.

இன்னொண்ணு. பிறக்கப் போற குழந்தையோட காலேஜுக்குன்னு எஸ்ஐபி ஓடும், அந்தக் குழந்தை பிறக்கவே 14 சதவீதத்துல கடன் வாங்குவாங்க. அந்த எஸ்ஐபியை உடைங்க, தப்பே இல்லை. அதுவும் பத்தலைன்னா நகைக்கடன், பர்சனல் லோனை விட வட்டி பெரும்பாலும் கம்மி. "விசேஷம் உண்டா?"ன்னு மாசா மாசம் கேக்கற பெரியவங்ககிட்ட வட்டியில்லாம கைமாத்து கேக்கறதுலயும் எனக்கு ஒரு தப்பும் தெரியலை.

எத்தனை சைக்கிள் வரைக்கும்னு முதல் ஊசிக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உக்காந்து பேசிடுங்க. ஒரு சைக்கிள் தோத்த ராத்திரியில எடுக்கற முடிவு பண முடிவா இருக்காது. கிளினிக்ல 'பேக்கேஜ்'னு ஒரு தொகை சொன்னா, ஊசி மருந்து, கருவை உறைய வைக்கறது, வருஷா வருஷம் அதைப் பாதுகாக்கற கட்டணம், அடுத்த முறை கருவை வைக்கறதுக்கான செலவு எல்லாம் அதுல அடக்கமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.