குடுவைக்குள் ஒரு குதிரை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

செய்முறைத் தேர்வன்று ஆய்வுக்கூடத்தில் வரிசையாக வைக்கப்படும் கண்ணாடிக் குடுவைகளுள் கடல் குதிரையைக் கண்டால் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி. அடையாளம் காண்பதில் ஐயமே இல்லை. குதிரை முகம், குரங்கு வால், கங்காருவைப் போல் ஒரு பை. "இது ஹிப்போகாம்பஸ். ஆண் மீனே அடைகாக்கும் பையைச் சுமக்கிறது" என்று எழுதிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு படமும் போட்டுவிட்டால் மதிப்பெண் நிச்சயம். மணி அடித்ததும் அடுத்த குடுவைக்கு நகர்ந்துவிடுவோம்.

சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் நகர்ந்தேன். அந்த உயிர் என்ன தின்றது, நோயுற்றால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட எண்ணிப் பார்த்ததில்லை. விலங்கியல் மாணவர்களாகிய நாம் செத்த உயிர்களுக்குப் பெயர் சொல்வதில் கெட்டிக்காரர்கள். கண்ணெதிரே ஓர் உயிர் வாடினால், ஏன் வாடுகிறது என்று சொல்லத் தெரியாதவர்கள். இதை யார்மீதும் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. முதற் குற்றவாளி நானே.

மாசி மகத் திருவிழாக் கடையில் என் தங்கைக்கு இரண்டு தங்க மீன்கள் வாங்கிக் கொடுத்தேன். உருண்டைக் கண்ணாடிச் சாடி, குழாய்த் தண்ணீர், வேளைக்கு ஒரு பிடி தீனி. ஐந்தாம் நாள் இரண்டும் துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. நான் ஓடிப்போய் நீல மருந்து ஒரு புட்டி வாங்கி வந்து அளவு பாராமல் ஊற்றினேன். மறுநாள் காலை இரண்டும் செத்து மிதந்தன. தங்கை அழுததைவிட அம்மா கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது: "மீனைப் பத்தித்தானேடா காலேஜுல படிக்கிற?"

அப்பா செராமிக் சூளையில் வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சாடியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சூளையில பொம்மை வெடிச்சா பொம்மைக்கா மருந்து தடவுவோம்? மண்ணுல ஈரம் இருந்துச்சான்னுதான் பார்ப்போம். நீ தண்ணியப் பார்த்தியாடா?" என்றார்.

பார்க்கவில்லை. அதன்பிறகுதான் நூலகத்தில் தேடிப் படித்தேன். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியா உண்டாகிறது. பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதால் கெடுதல் மிகக் குறைவு. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். நான் கொடுத்ததோ ஐந்தே நாள். போதாக்குறைக்குக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தேன்.

இந்தப் பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ இடம் வேண்டும். அதற்கென்றே நுண்துளைகள் நிறைந்த செராமிக் வளையங்களைக் கடைகளில் விற்கிறார்கள். விருத்தாசலத்துக்காரன் அதைக் காசு கொடுத்து வாங்கினால் ஊர் சிரிக்கும் அல்லவா! முதல் சூடு மட்டும் கண்டு, பளபளப்புப் பூச்சு ஏறாத உடைசல்களை அப்பா ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். பூச்சு ஏறியவை இதற்கு ஆகா. துளைகள் அடைபட்டுவிடும், சில வண்ணப் பூச்சுகளிலிருந்து ஈயம் போன்றவை நீரில் இறங்கவும் கூடும்.

தங்க மீனாவது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கடல் குதிரை பொறுக்காது. அதற்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. நீண்ட மூக்கால் சின்னஞ்சிறு இறால் வகைகளை உறிஞ்சி விழுங்குகிறது. உண்டது விரைவில் குடலைக் கடந்துவிடுவதால் நாளுக்குப் பலமுறை தின்ன வேண்டும். ஆகவே அமெரிக்கா போன்ற நாடுகளில் பண்ணையில் பிறந்த கடல் குதிரைகளை வீட்டில் வளர்ப்பவர்கள் முதலில் கவனிப்பது அது தின்னும் விதத்தைத்தான். நலமுள்ள குதிரை இரையை உறிஞ்சும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்குமாம். இரையைக் கண்டும் உறிஞ்சவில்லை என்றாலோ, உறிஞ்சியும் குறி தவறினாலோ மூக்கில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மூச்சு வேகமாவது, நிறம் கருத்துப்போவது, வாலால் எதையும் பற்றாமல் தரையில் கிடப்பது, எலும்பு வளையங்களுக்கு இடையே வயிறு ஒட்டிப்போவது ஆகியனவும் அறிகுறிகளே.

இதற்கு வரக்கூடிய ஒரு நோய் உண்டு. வாயுக் குமிழ் நோய் என்பார்கள். தோலுக்கடியில், பெரும்பாலும் வாலில், கொப்புளம் போல் காற்று சேரும். ஆண் மீனின் பையில் சேர்ந்தாலோ அது கார்க்கு மூடியைப் போல் மேலே மிதந்து, கீழே இறங்க முடியாமல் தவிக்கும். எந்தப் பையை நாம் தேர்வில் அம்புக்குறி இட்டுக் காட்டுகிறோமோ, அந்தப் பையே அதற்கு எமனாகிறது! அனுபவமுள்ளவர்கள் பையை மெல்ல அழுத்தியோ, நுண்குழாய் செலுத்தியோ காற்றை வெளியேற்றுகிறார்கள். அசட்டசோலமைடு என்ற மருந்தும் கொடுக்கப்படுகிறது. மனிதருக்குக் கண்ணழுத்த நோயில் தருகிறார்களே, அதே மருந்துதான்.

மற்றொன்று விப்ரியோ வகைப் பாக்டீரியாக்களால் வருவது. தோலில் வெண்திட்டுகள் தோன்றிப் புண்ணாகி, வால் நுனியிலிருந்து சதை அரிக்கும். நீர் சூடேற ஏற இக்கிருமிகள் வேகமாகப் பெருகும். எனவே நோயுற்றதைத் தனித் தொட்டிக்கு மாற்றி, வெப்பத்தைச் சற்றுக் குறைத்து, அங்கேயே மருந்தும் தருகிறார்கள். பொதுத் தொட்டியில் உயிர்க்கொல்லி மருந்தை ஊற்றினால் நீரைத் தூய்மை செய்யும் நல்ல பாக்டீரியாக்களும் அழியக்கூடும். பிறகு அம்மோனியா ஏறி மற்ற குதிரைகளும் விழும். இதைப் படித்தபோது என் நீலப் புட்டி நினைவுக்கு வந்து வெட்கப்பட்டேன். மேலொட்டுண்ணிகளுக்கு நன்னீர்க் குளியல் என்றொரு முறை உண்டு. தொட்டி நீரின் வெப்பமும் காரத்தன்மையும் கொண்ட நன்னீரில் சில நிமிடங்கள் மட்டும் வைத்து, கண்ணெடுக்காமல் பார்த்து, தவித்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

நண்பர்களே, "அப்படியானால் ஒன்று வாங்கி வளர்ப்போமா?" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப்பிலும் கடற்புல் வெளிகளில் வாழும் இவ்வினம் வலைகளில் சிக்கி, உலர்த்தப்பட்டு, சீன மருந்துக்கென வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2001-ஆம் ஆண்டில் இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதைச் சேர்த்தது. பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். 2004 முதல் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. நம் அலமாரிக் குடுவை இச்சட்டத்துக்கு முன்பே வந்து சேர்ந்த பழைய குடுவை. அண்மையில் ஒரு நகரத்துக் கடையில் "ரகசியமாக வரவழைத்துத் தருகிறேன்" என்று ஒருவர் என் நண்பனிடம் சொன்னாராம். கடலில் பிடித்ததை அப்படி வாங்குகிறவன் பெரும்பாலும் ஒரு பட்டினிச் சாவையே வாங்குகிறான். உயிருள்ள இரைக்குப் பழகியது தொட்டியில் செத்த இரையை எளிதில் தொடாது.

வளர்க்கக் கூடாத உயிரின் நோயைப் பற்றி இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். நம் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது; வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடல் குதிரையின் இனப்பெருக்கம் பற்றி ஆய்வு நடந்த இடம் அது. நம்முள் ஒருவர் நாளை அங்கே மேற்படிப்புக்குப் போகலாம். மருந்துப் புட்டியைத் தேடும் கையோடு போவதா, தண்ணீரைச் சோதிக்கும் கையோடு போவதா?

அதற்காக ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறேன். நம் துறையில் ஒரே ஒரு நன்னீர்த் தொட்டி வைப்போம். உள்ளூர்க் குளத்துச் சிறு கெண்டை நாலைந்து போதும். அடியில் இவ்வூர் உடைசல் ஓடுகள். பக்கத்தில் ஒரு நோட்டு. வெப்பம் எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு, யார் எவ்வளவு தீனி போட்டார்கள், செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை அசைந்தது என்று நாள்தோறும் எழுதுவோம். நலமாக இருக்கும்போது எண்ணி வைத்திருந்தால்தானே, நோயில் எண்ணிக்கை மாறுவது தெரியும்? செலவும் அதிகமில்லை. அம்மோனியா பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றுதான் விலைக்கு வாங்க வேண்டியது.

வீட்டில் மறுபடியும் மீன் வைத்திருக்கிறோம். இம்முறை பெரிய தொட்டி. தண்ணீரையும் ஓடுகளையும் ஒன்றரை மாதம் பழக்கிய பிறகே மீன் விட்டோம். போன வாரம் ஒன்று தீனியை மறுத்தது. கடைக்கு ஓடவில்லை. மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்தினேன். மூன்றாம் நாள் தின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தொட்டிப் பக்கம் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

துறைத் தொட்டிக்கு ஓடுகள் ஒரு பை வீட்டில் தயாராக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டு எழுத யார் வருவது என்பதைத்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். முதல் ஞாயிறு நான் வருகிறேன்.